உம்பளச்சேரிப் பசுவின் ரத்தம்

அடையாறில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, மாட்டு ரத்தத்தைப் பார்க்கும் வேலை என்று வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தது. விலங்கியல் படித்த பெண் ஆசிரியை ஆவாள் என்றுதான் அப்பா நினைத்திருந்தார். அவர் எங்கள் மாதா கோயில் பங்குப் பள்ளியில் வாத்தியார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும் அங்கேதான். மந்தைவெளியில் எங்கள் தெருவில் என்னை எல்லோரும் வாத்தியார் பொண்ணு என்றே கூப்பிட்டார்கள். "மாட்டுக்கு ஜாதகம் கணிக்கிற வேலையாமே" என்று பக்கத்து வீட்டு மாமி அம்மாவிடம் கேட்டாராம். அம்மாவுக்குக் கோபம். யோசித்துப் பார்த்தால் மாமி சொன்னதில் பெரிய தப்பில்லை.

நாட்டு மாடுகளின் வம்சத்தைத் தேடுவதுதான் எங்கள் பிரிவின் வேலை. காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி, ஓங்கோல் என்று ஊர் ஊராக எடுத்த ரத்தம் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். வெள்ளணுக்களைச் சில நாள் வளர்த்து, குரோமோசோம்களைப் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கத்தரித்து, ஜோடி ஜோடியாக அட்டையில் ஒட்டுவேன். காளையென்றால் ஒரு குரோமோசோமை மட்டும் முதலில் தேடுவோம். அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்கும் குரோமோசோம் அது. திமில் உள்ள நம் மாடுகளில் அதன் வடிவம் ஒன்று, திமில் இல்லாத சீமை மாடுகளில் இன்னொன்று. மனிதன் மாட்டைக் கட்டிப் பழகுவதற்கு வெகுகாலம் முன்பே இரண்டு கூட்டமும் பிரிந்துவிட்டன என்பார்கள்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடத்தில் சில படங்கள் எங்களைச் சங்கடப்படுத்தின. திமில், கொம்பு, கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி எல்லாம் இலக்கணப்படி இருக்கும் காளை. பரம்பரையாக அந்த இனத்தையே வளர்க்கிற குடும்பத்துக் காளை. படத்தில் பார்த்தால் சீமைக் குரோமோசோம். எப்போதோ ஒரு தலைமுறையில் வேறொரு அப்பன் உள்ளே வந்திருக்கிறான், வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை. எங்கள் பிரிவின் தலைவர், நாங்கள் சார் என்று கூப்பிடுபவர், கால்நடை மருத்துவம் படித்தவர். அப்படி ஒரு அட்டையை நான் கொண்டுபோய் வைத்தால் அதைக் கையால்கூடத் தொடமாட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. பறக்கும் ரயிலுக்காக மந்தைவெளியில் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள். சுற்றிலும் சிமெண்டுத் தூசி பறக்க, நடுவில் அந்தக் கொட்டகை மட்டும் சாணமும் தவிடும் மணக்க நின்றது. அதை நடத்தியவர்கள் ஒரு கணவன் மனைவி. கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா காலத்தில் எருமை, இவர் காலத்தில் ஜெர்சிக் கலப்பும் கறுப்பு வெள்ளைக் கலப்பும். பெரிய மடி, பெரிய உடம்பு. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் காலைக் காப்பி அந்த மாடுகளின் பாலில்தான். மனைவி திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். என்னைவிடச் சில வயது பெரியவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். குழந்தை இல்லை. பேச்சில் இன்னும் ஊர் வாடை போகவில்லை.

அந்த மார்கழியில் அக்காவின் அப்பா ஊரில் இறந்துபோனார். அண்ணன் தம்பிகள் மாடுகளைப் பிரித்துக்கொண்டபோது அக்கா ஒரே ஒரு பசுவைத் தனக்கென்று கேட்டிருக்கிறார். வைக்கோல் லாரி ஒன்றில் அது வந்து இறங்கியது. உம்பளச்சேரிப் பசு. சின்ன உருவம், சாம்பலும் கறுப்பும் கலந்த நிறம், குட்டைக் கொம்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல. சினையாக இருந்தது. கலப்பு மாடுகளின் பக்கத்தில் கட்டியபோது அவற்றின் வயிறு உயரத்துக்குத்தான் வந்தது.

"இது இன்னா மாடா, ஆடா?" என்றார் அண்ணன். "ரெண்டு சொம்பு கறக்குமா? இதுக்குத் தவுடு போட்டா நா தலையில துண்டுதான்."

"அதுக்குத் தவுடு வேணாம். காஞ்ச புல்லு போட்டா தின்னுக்கிட்டு கிடக்கும்" என்றார் அக்கா.

பட்டணத்தின் நடுவில், என் வீட்டுப் பின்புறத்தில், அசல் உம்பளச்சேரி. மறுநாள் சாரிடம் சொன்னேன். "போய் ரத்தம் எடுத்துட்டு வாங்க, இன்னைக்கே" என்றார். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கழுத்து நரம்பில் ஊசி போட்டு எடுத்தேன். பசு அசையவில்லை. ஊசி குத்திய இடத்தில் தோல் மட்டும் ஈயை உதறுவதுபோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. காதின் உள்பக்கத்தில் உண்ணிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். சில ஆமணக்கு விதை அளவுக்கு ஊதியிருந்தன.

ஆய்வகத்தில் வழக்கப்படி ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் வைத்தேன். சிவப்பணுக்கள் வெளிறிய வட்டங்களாகத் தெரிந்தன. கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனபோது ஒரு வட்டத்துக்குள் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி இருந்தது. வெகுதூரம் தள்ளி இன்னொன்று, அதற்குச் சின்ன வால். சாயத்தின் கசடோ என்று வேறு சொட்டு இழுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தன. படிக்கும்போது படத்தில் பார்த்தவைதான், உண்ணிக் காய்ச்சலின் கிருமி.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பதறவில்லை.

"இருக்கும்மா. அந்தப் பக்கத்து மாடு நிறைய இப்படித்தான். கன்னுக்குட்டியிலயே உண்ணி கடிச்சு, லேசா காய்ச்சல் வந்து, தாங்கிக்கிட்டு வளந்துடும். அப்புறம் கிருமியும் போகாது, மாட்டுக்கும் ஒண்ணும் ஆகாது. தாங்காத வம்சம் எல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு. தாங்கினது மிச்சம்." நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். "இது தனியாவா நிக்குது?"

"இல்ல சார். அதே கொட்டகையில கலப்பு மாடுங்க இருக்கு."

"உண்ணி?"

"நிறைய."

கண்ணாடித் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்குத் தெரிந்தும். "கலப்பு மாட்டுக்கு இது பழக்கமில்லை. போய்ச் சொல்லுங்க. வெயில் வர்றதுக்குள்ள உண்ணிய ஒழிக்கச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கிருமியுள்ள மாட்டைக் கடித்த உண்ணி கீழே விழுந்து, தோல் உரித்து, வளர்ந்து, அடுத்து எந்த மாட்டின்மேல் ஏறுகிறதோ அதற்குக் கிருமியைக் கொடுக்கும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் எளிமையாகச் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. "உண்ணி இல்லாத மாடு எங்கம்மா கீது? எங்க நைனா காலத்திலேர்ந்து பாத்துகினுதான் வர்றேன்" என்றார். இருந்தாலும் மருந்து வாங்கி வந்து மாடுகளின்மேல் அடித்தார். மாட்டின்மேல் இருந்தவை செத்தன. சுவர் வெடிப்புகளில் இருந்தவற்றை யாரும் தொடவில்லை. பழைய செங்கல் சுவர் அது, காரை உதிர்ந்து, விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள். ஒரு குச்சியை விட்டுக் கிளறிப் பார்த்தேன். உள்ளே பழுப்பு நிறத்தில் எதுவோ நெருக்கமாக அசைந்தது.

பங்குனி முடிவதற்குள் அந்த வருடம் வெயில் ஏறிவிட்டது. மத்தியானங்களில் கலப்பு மாடுகள் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். அண்ணன் ஈரச் சாக்கை முதுகில் போட்டு, மின்விசிறியைத் திருப்பி வைப்பார். உம்பளச்சேரிப் பசுவை நிழலில் கட்டினாலும் அது கயிறு எட்டும் வரை போய் வெயிலில் நிற்கும். பாதி மூடிய கண்ணோடு அசை போடும். நம் மாடுகளின் தோல் வேறு, வியர்க்கும் விதம் வேறு, உடம்பின் உள்சூடே குறைவு என்பதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். இருந்தும், அத்தனை மாடுகளும் மூச்சுக்குத் திணறும்போது அது மட்டும் அப்படி நிற்பதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது.

முதலில் விழுந்தது கறுப்பு வெள்ளைப் பசு. அதிகம் கறந்தது அதுதான். ஒரு காலை தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன்னங்காலுக்கு மேலே, தோளோரத்தில், ஒரு கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. வந்த மருத்துவர் வெயில் காய்ச்சல் என்று ஊசி போட்டார். கட்டி வளர்ந்தது. கண்ணில் நீர் வழிந்தது, மூச்சு புஸ் புஸ் என்று தெருவரை கேட்டது. நான் வேலைக்குக் கிளம்பிய நேரத்தில் நின்றுகொண்டிருந்த மாடு, திரும்பி வந்தபோது படுத்திருந்தது. சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். மாநகராட்சி வண்டி வந்து சங்கிலி கட்டி இழுத்தபோது தெருப் பிள்ளைகளை எல்லாம் அம்மாக்கள் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே ஒரு ஜெர்சிக் கலப்பு. அதே கட்டி. இம்முறை நான் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு ஓடினேன். உம்பளச்சேரியின் ரத்தத்தில் தேடித் தேடிக் கண்டுபிடித்த புள்ளி, இதில் பார்க்கும் இடமெல்லாம் இருந்தது. இந்தக் காய்ச்சலுக்கென்று ஒரு ஊசி மருந்து உண்டு, அப்போது அது சுலபமாகக் கிடைக்காது. சார் எங்கெங்கோ தொலைபேசியில் பேசி வரவழைப்பதற்குள் அந்த மாடு போய்விட்டது. மூன்றாவதாக விழுந்ததற்கு மருந்து போய்ச் சேர்ந்தது. அது பிழைத்தது, பால் மட்டும் வற்றிவிட்டது. எலும்பு தெரிய நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும்.

தெருவில் பேச்சு ஆரம்பித்தது. அந்தக் கறுப்பு மாடு வந்ததிலிருந்துதான் இதெல்லாம் என்றார்கள். வந்த வீட்டைத் தின்கிற மாடு, நெற்றிப் பொட்டு சரியில்லை. அக்கா தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். நான் மாடிப் படியில் இறங்கும்போது ஒருநாள் அண்ணன் கைகாட்டி நிறுத்தினார்.

"யம்மா, நீதான சொன்ன, அதோட ரத்தத்துலதான் கீதுன்னு?"

"ஆமாண்ணே. ஆனா அது மாட்டோட குத்தம் இல்ல. உண்ணி..."

"குத்தம்னா இன்னா, குத்தம் இல்லன்னா இன்னா. அதுக்குள்ள கீது, அது சாவல. என் மாடுங்கதான் சாவுது. ஊர்ல சொல்றதும் அதே, நீ சொல்றதும் அதே."

 குழாயடிக்காரர்களும் நுண்ணோக்கியோடு நானும் ஒரே மாட்டைத்தான் காட்டினோம்.

சித்திரைக் கடைசியில் அது கன்று போட்டது. கிடேரி. அக்கா ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார். அவருடைய முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும், சில மாதத்தில் சாம்பலாக மாறும். இதன் நிறம் மான் நிறம். நெற்றியில் பள்ளம், பெரிய கண்கள், திமில் வரவேண்டிய இடம் தட்டை.

"அப்பன் சீமைக்காரன் தங்கச்சி" என்றார் அக்கா. "ஊருல எங்க அண்ணன் சொல்லவே இல்ல. சினை ஊசி போட்டுட்டு அனுப்பியிருக்காங்க. இப்ப இது யாரு மாதிரி? அம்மா மாதிரி தாங்குமா, அதுங்க மாதிரி..." கையால் காலியாகிப்போன கட்டுத்தறிகளைக் காட்டினார்.

எனக்குத் தெரியாது என்றேன். பாதி அம்மா, பாதி அப்பன். எந்தப் பாதியில் எது இறங்கியிருக்கிறது என்று சொல்லும் திறமை எங்கள் ஆய்வகத்துக்கு அன்று கிடையாது. தாயின் ரத்தத்தில் புள்ளிகள், தாயின் காதுகளில் மறுபடி உண்ணிகள், அதன் மடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் கன்று. அக்கா தினமும் கன்றின் தோளோரத்தைத் தடவிப் பார்ப்பார். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும் என்னை வழிமறித்து, என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தோலுக்கடியில் நெல்லிக்காய் அளவில் ஒன்று உருண்டது.

மிச்சமிருந்த மருந்தைச் சார் கொடுத்தார். கன்றுக்குக் காய்ச்சல் அடித்தது, பால் குடிக்கவில்லை. அக்கா சங்கில் எடுத்து வாயோரம் விட்டார். இரண்டு நாள் அது பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. அம்மாக்காரி கயிற்றின் எல்லைவரை வந்து அதை நக்கிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து, தள்ளாடி, மடியை முட்டியது. மருந்தா, அம்மாவின் பாதியா என்று சாரிடம் கேட்டேன். "ஒரு கன்னுக்குட்டிய வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். அதுதான் சரியான பதில். அக்காவிடம் அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கன்று தனியாகத் தீவனம் மெல்லப் பழகிய ஆடிக் கடைசியில், ஒரு மாலை வீடு திரும்பினேன். கொட்டகையில் கன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கட்டுத்தறி காலி. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணன் பசுவை விற்றுவிட்டார். வடபழனியில் கல்யாண மண்டபங்களுக்குப் பால் ஊற்றும் ஒருவருக்கு.

"எனக்குச் சொல்லாம வித்துட்டாரு. அதுகூடப் போவுது" என்றார் அக்கா. "அந்த ஆளு கொட்டகையில எத்தனை மாடு இருக்கு தெரியுமா? எல்லாம் சீமை மாடு. வாங்குனவருக்கு ஒண்ணும் தெரியாது. இவரு சொல்லலையாம். சொன்னா யாரு வாங்குவாங்கன்னு கேக்குறாரு."

நான் அண்ணனைப் பார்த்தேன். பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

அடுத்த சனிக்கிழமை நானும் அக்காவும் பஸ் ஏறி வடபழனிக்குப் போனோம். ஆவணி பிறந்திருந்தது, முகூர்த்த நாள். முருகன் கோயிலைச் சுற்றி நாதஸ்வரமும் வாடகைக் கார்களும் மாலைக் கடைகளும். பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கொட்டகை. எங்கள் கொட்டகையைவிடப் பல மடங்கு நீளம். இரண்டு வரிசையாகக் கறுப்பு வெள்ளை மாடுகள், எல்லாம் பளபளவென்று, மடி கனத்து. வரிசையின் நடுவில் உம்பளச்சேரிப் பசு. அக்காவைப் பார்த்ததும் காதைத் திருப்பியது.

சொந்தக்காரர் கழுத்தில் துண்டோடு வந்தார். நான் என்னை யாரென்று சொல்லி, ரத்தத்தில் பார்த்ததைச் சொல்லி, கிருமி, உண்ணி, கலப்பு மாடு எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னா மேடம், கத வுட்ற? சீக்கு மாடா இது? பாரு, எப்டி அசை போட்டுகினு நிக்குதுன்னு. என் மாடுங்கள்லயே இதாங் கில்லி. இது கால் வெச்சா வூட்டுக்கு நல்லதுன்னு எங்க மாமா சொல்லித்தான் வாங்கினேன்."

"அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. பக்கத்துல நிக்கிறதுக்குத்தான் ஆகும்."

"வித்த மாட்ட திருப்பி வாங்க வந்துகிறீங்க. அத்த நேரா சொல்லு."

அக்கா பசுவின் பக்கத்தில் போய் நின்று, அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க கொட்டகையில இது நின்ன இடத்துக்கு வலது கைப்பக்கம் ஒண்ணு செத்துச்சு. இடது கைப்பக்கம் ஒண்ணு செத்துச்சு. எதிருல நின்னது பால் வத்திப்போய்க் கிடக்கு. வந்து பாருங்க. எங்க வீட்டுக்காரரு சொல்லியிருக்க மாட்டாரு."

அவருடைய சிரிப்பு நின்றது. வலது பக்கம் கட்டியிருந்த மாட்டைப் பார்த்தார், பிறகு இடது பக்கம். நான் சொன்ன கிருமியை அவர் நம்பவில்லை. இதை நம்பினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே போய்க் கயிற்றை அவிழ்த்தார். "இஸ்துகினு போங்க. மொதல்ல இத்த இங்கேர்ந்து இஸ்துகினு போங்க. கணக்க நா உங்க ஊட்டுக்காரராண்ட பேசிக்கிறேன்."

தரையில், பசு நின்ற இடத்தில், சாணத்துக்குப் பக்கத்தில் ஊதிய உண்ணி ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா காலால் தேய்த்தார். ஒரு வாரம் அது அங்கே நின்றிருக்கிறது. உதிர்ந்தது இது ஒன்று மட்டுமாக இருக்க முடியாது. சுவரெல்லாம் தீய்க்கச் சொன்னேன், மருந்தின் பெயரைச் சொன்னேன். அவர் எங்களைப் பார்க்காமல் தலையாட்டினார்.

வெளியே வந்த பிறகுதான் மாட்டை எங்கே கொண்டுபோவது என்று யோசித்தோம். வீட்டுக்கு ஓட்டிப்போக முடியாது. பொது தொலைபேசியிலிருந்து சாரைக் கூப்பிட்டேன்.  "இங்க கொண்டாங்க. பின்னால கட்டலாம். இங்க வேற மாடு இல்ல" என்றார்.

வடபழனியிலிருந்து அடையாறுக்கு இரண்டு பெண்கள் ஒரு பசுவை நடத்திக்கொண்டு போனோம். ஆற்காடு சாலையில் லாரிகள் ஒலியெழுப்பியபடி உரசிப் போயின. கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது தார் இளகி என் செருப்பில் ஒட்டியது. பசுவுக்கு வெயில் உறைக்கவே இல்லை. தலையைத் தாழ்த்தி, ஒரே சீராக நடந்தது.

தி. நகரில்தான் பயம் பிடித்தது. அந்த நாட்களில் தி. நகர்ச் சாலைகளில் மாடுகள் சாதாரணம். கடைகள் வீசிய வாழையிலையையும் காய்கறிக் கழிவையும் தின்றுகொண்டு, போக்குவரத்தின் நடுவில் படுத்திருக்கும். எல்லாம் யாரோ ஒருவருடைய கலப்பு மாடுகள், மாலையில் கறவைக்குக் கொட்டகை திரும்பிவிடும். புது மாட்டைப் பார்த்ததும் அவை ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. முகர்ந்தன. ஒன்று எங்கள் பசுவின் கழுத்தை நக்கியது. அக்கா துண்டை வீசி விரட்டுவார், அது நாலடி தள்ளி நின்று மறுபடி பின்னால் வரும். துணிக்கடை வாசலில் நின்ற ஒரு அம்மாள் பசுவின் வாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தங்கச்சி, காதுல இருந்தது ஒண்ணைக் காணோம்" என்றார் அக்கா திடீரென்று. "பெருசு ஒண்ணு இருந்துச்சு. பாலத்துக்கிட்டப் பாத்தேன்."

இருவரும் திரும்பிப் பார்த்தோம். பின்னால் தெரு முழுக்க ஜனம். சாக்கடையோரம் தென்னம்பாளைத் தோரணம் கிடந்தது, பக்கத்தில் ஒரு சிவப்புக் கன்று படுத்திருந்தது. தேடுவதற்கு வழியில்லை. நடந்தோம். அதன்பிறகு அக்கா நடந்துகொண்டே பசுவின் காதுகளுக்குள் விரலை விட்டு உண்ணிகளைப் பிடுங்கி, கைக்குட்டையில் முடிந்துகொண்டே வந்தார். நந்தனம் தாண்டி, கோட்டூர்புரம் பாலத்தில் ஆற்றின் நாற்றம் முகத்தில் அடித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கைக்குட்டையை அவர் ஆற்றில் எறியவில்லை. ஆய்வகத்தில் நான் அதை அப்படியே ஸ்பிரிட்டில் போட்டேன்.

கொஞ்ச காலம் அது எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. ரத்தம் சேகரிக்க டெல்டாவில் அக்காவின் ஊர்ப் பக்கம் வண்டி போனபோது சார் அதையும் ஏற்றி அனுப்பினார். அங்கே எல்லா மாடும் அதைப் போலத்தான், அதனால் யாருக்கும் கேடு இல்லை. அக்கா வழியனுப்ப வந்தார். வண்டியின் பின்பலகை மூடியதும், "இனிமே எனக்கு அந்த ஊருல சொந்தம்னா அதுதான்" என்றார். அழவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்பே வடபழனியிலிருந்து சேதி வந்தது. மண்டபங்களுக்குப் பால் ஊற்றுவது நின்றுவிட்டதாம். சுவரைத் தீய்த்தாரா, மருந்து அடித்தாரா என்று கேட்க நான் ஒரு மாலை போனேன். அவர் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு வரிசை முழுக்கக் காலி. என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபப்படவில்லை. "அது போன பொறவுதான் மேடம் ஆரம்பிச்சுது" என்று மட்டும் சொன்னார்.

கன்று எங்கள் கொட்டகையிலேயே வளர்ந்தது. நன்றாக வளர்ந்தது. சீமை உயரம், அம்மாவின் வெள்ளைக் கால்கள். காய்ந்த புல்லைத் தின்றது, வெயிலில் போய் நின்றது. அண்ணனுக்கே அதன்மேல் ஒரு பிரியம். "இது கறக்கும் பாரு" என்பார். தை மாதத்தில் ஒருநாள் அதன் ரத்தத்தைப் பார்த்தேன். தேட வேண்டியிருந்தது, ஆனால் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. சிவப்பு வட்டத்துக்குள் ஊதாப் புள்ளி, அதற்கு வால்.

அக்காவிடம் சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"அவருகிட்ட சொல்லாதீங்க தங்கச்சி. சொன்னா இதையும் வித்துருவாரு. வேற எவன் கொட்டகைக்காவது போவும். இங்க இருந்தா நம்ம கண்ணு முன்னாலயாவது இருக்கும்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூசைக்குப் போய்வந்து, பழைய புடவையைக் கட்டிக்கொண்டு கொட்டகையில் இறங்குவேன். இருவரும் சுவர் வெடிப்புகளைச் சுண்ணாம்பும் சிமெண்டும் வைத்து அடைத்தோம். பழைய வைக்கோலை எரித்தோம். கன்றின் காது, வால் மடிப்பு, கால் இடுக்கு எல்லாவற்றையும் விரலால் தேடினோம். பங்குனியில் அண்ணன் புதுக் கறுப்பு வெள்ளைப் பசு ஒன்றை வாங்கி வந்தார். அக்கா தினம் காலையில் கறக்கும் முன் அதன் தோளோரத்தைத் தடவுவார். வைகாசியில் ஒரு காலை என் ஜன்னலுக்குக் கீழே நின்று கூப்பிட்டார். நான் என்ன என்று கேட்கவில்லை. ஆய்வகக் குளிர்பெட்டியில் மருந்து தயாராக இருந்தது. கட்டி கண்ட அன்றே ஊசி போட்டதால் அந்த மாடு பிழைத்தது. பாலும் அதிகம் குறையவில்லை. பிறகு அதன் ரத்தத்தையும் பார்த்தேன். அதிலும் தங்கிவிட்டிருந்தது.

அண்ணன் மட்டும் சந்தோஷமாக இருந்தார். தூண்களின்மேல் தண்டவாளம் போடும் ஆட்களுக்கெல்லாம் இவர் பால்தான். ஒரு மாலை எங்கள் படியோரம் நின்று, அந்தக் கறுப்பு மாடு போனதோடு பீடை ஒழிந்தது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓசூர்லேர்ந்து ரெண்டு மாடு சொல்லி வெச்சிகிறேன் சார். சீம ரத்தம், கலப்பே இல்லியாம். வெள்ளிக்கெழம லாரி வருது."

அக்கா கொட்டகை வாசலில் தவிடு கலந்துகொண்டிருந்தார். கையை வாளியிலிருந்து எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மருந்து இருக்குதா தங்கச்சி?"

"ஒண்ணுக்குத்தான் இருக்கு."

அவர் கையைக் கழுவிக்கொண்டு, சுண்ணாம்பு வாளியை எடுக்க உள்ளே போனார்.